மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய படம்

கல்யாணப் படம் எடுப்பவளுக்குச் சனி, ஞாயிறு கிடையாது. மற்றவர்கள் ஊர் சுற்றும் நாளில்தான் எனக்கு வேலை. அந்த ஒரு வாரம் மட்டும் வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தோழிகள் இருவரோடு லுமுட் கடற்கரைக்குக் கிளம்பினேன். உண்மையைச் சொன்னால் கோபத்தில்தான் கிளம்பினேன்.

தோழிகளில் ஒருத்தி ஒரே தேயிலைத் தோட்டத்தில் என்னோடு வளர்ந்தவள், பக்கத்து லைன் வீடு. கழுத்திலும் கைகளிலும் அவளுக்கு வெண்புள்ளி உண்டு. அதை வாய்கூசாமல் குஷ்டம் என்பார்கள். அது குஷ்டமும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். எங்கள் மலைக் குளிரில் எல்லோரும் சுவெட்டரும் கழுத்துத் துண்டுமாகத் திரிவதால் மறைப்பது சுலபம். தானா ராத்தாவில் அவள் வேலை செய்யும் பாலர் பள்ளியில்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஈப்போவிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்டார்கள். அவள் அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் செய்வியேம்மா. அந்த வெள்ளைய மட்டும் எடுத்துடு லா. கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்."

கல்யாணம் முடிந்த பிறகாம்! பருவை எடுப்பேன், கருவளையத்தை எடுப்பேன், அது என் பிழைப்பு. ஒருத்தியின் தோலையே எடுத்துவிட்டு வேறொருத்தியை அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற தோழி மறுநாள் என்னிடம் வந்தாள்.

"சுவெட்டர் போட முடியாத எடத்துக்குப் போய் எடுப்போமா?"

மூன்றாமவள் திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவள். கார் அவளுடையது, எங்கள் பேச்சில் கெரேத்தா. கம்போங் ராஜா வழியாக மலை இறங்கி முடிப்பதற்குள் எங்களுக்கு வேர்த்து ஊற்றியது. லுமுட்டில் அறைக்குள் நுழைந்ததும் ஏர்கோனை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, போர்வைக்குள் சுருண்டு, வீட்டில் தூங்குவது போலத் தூங்கினோம். கேமராவும் எங்களோடு அந்தக் குளிரிலேயே கிடந்தது. எங்கள் லைனில் எந்த வீட்டிலும் ஏர்கோன் கிடையாது. அதனால் கேமராவுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காலையில் கடற்கரைக்குப் போனோம். அவள் கையில்லாத மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். கேமராவை உறையிலிருந்து எடுத்ததும் வெளிச் சூடு பட்டு லென்ஸ் முழுக்க ஆவி. துடைக்கத் துடைக்கப் படிந்தது. பொறுமை இல்லாமல் அப்படியே ஒன்று எடுத்துப் பார்த்தேன். எல்லாம் மங்கி, மெத்தென்று, அவள் தோல் ஒரே நிறமாக இருந்தது. புள்ளி ஒன்றுகூடத் தெரியவில்லை.

"ஐயோ, அழகா இருக்கு லா!" என்றாள் கெரேத்தாக்காரி. "இதையே அனுப்பிடு. பொய்யும் சொல்லல, ஒங்கம்மாவுக்கும் சந்தோஷம்."

எனக்கும் ஒரு நொடி சபலம் தட்டியது. தோழி கேமராவை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நான் இல்ல. ஆவி போகட்டும், இருப்போம்."

ஆவி போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அந்த வெயிலில் எந்தக் கல்யாணப் பெண்ணையும் நான் நிறுத்த மாட்டேன். இருப்பதை எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். அவள் போய் அதில்தான் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளவும் இல்லை. எடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான், எவர் என்ன சொன்னாலும்.

படத்தைக் கைப்பேசிக்கு மாற்றி, மாப்பிள்ளைக்கு அவளே அனுப்பினாள். அம்மாவுக்கும் அனுப்பினாள். அம்மா உடனே கூப்பிட்டார். குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"என்னடி அனுப்பி வச்சிருக்க? அவரு பாக்கறதுக்குள்ள அழிச்சிடு!"

"பாத்துட்டாரும்மா. ப்ளூ டிக் வந்துடுச்சு."

"இனிமே எவன்டி வருவான்?"

"இதப் பாத்துட்டு வர்றவன் வரட்டும்மா."

கைப்பேசியை மணலில் கிடந்த செருப்பின் மேல் வைத்தாள். அப்புறம் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கூந்தலை அள்ளி முன்னால் போட்டாள்.

"இங்கயும் இருக்கு. எடு."