சிலையின் கடைசிப் பத்துக் குண்டு

வங்கி வாசலில் இருபத்துமூன்று வருடமாகத் துப்பாக்கியோடு நிற்கும் அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சிலை. சும்மா வைத்த பெயர் இல்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். குழந்தைகள் கிட்டே வந்து, ஆளா பொம்மையா என்று உற்றுப் பார்க்கும். அவர் கண் சிமிட்டியதும் அலறிக்கொண்டு அம்மாவிடம் ஓடும். அந்த வாசலில் இதுவரை ஒரு குண்டுகூட வெடித்ததில்லை. அவர் சுடுவதெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் தேர்வில்தான். ஒரு நிமிடம், பத்துக் குண்டு. அதில் ஆறாவது வட்டத்துக்குள் விழுந்தால் இன்னொரு வருடம் வேலை நிச்சயம். மூன்று வாய்ப்பிலும் விழாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நிற்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர் ஐம்பத்துநாலு வயதில் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்?

இந்த வருடம் இரண்டு வாய்ப்பு கைவிட்டுப் போய்விட்டது. பார்வையில் கோளாறு இல்லை. விசையை அழுத்துவதற்கு முன்பே வெடிச்சத்தத்தை நினைத்து இமை மூடிக்கொண்டது. துப்பாக்கிக்காரனுக்குத் துப்பாக்கி பயம் என்று வெளியே சொன்னால் மானம் போகாதா? மனைவியிடம் மட்டும் சொன்னார்.

மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன பழைய கைபேசியில், தையல் இல்லாத நேரமெல்லாம் சுடும் விளையாட்டு ஆடுவாள். அதில் அவள் பெரிய கை.

"ஏங்க, இதுல ஆடிப் பாருங்களேன். சத்தத்தை அணைச்சுத் தர்றேன். கண்ணைத் திறந்து வெச்சுச் சுடவாவது பழகும்ல?"

"போடி, பொம்மை துப்பாக்கி!"

சொன்னாரே தவிர, அன்று மாலையே கைபேசியை வாங்கிக்கொண்டார். நான்கு நாள் களத்தில் இறங்கியதும் செத்தார். ஐந்தாம் நாள் எதிரி ஒருவன் சாய்ந்தான். "விழுந்துட்டான்டி!" என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டினார்கள். அதற்கப்புறம் அவரைப் பிடிக்க ஆளில்லை. இருபது நாள் மனிதர் தரையில் நடக்கவில்லை.

மூன்றாவது தேர்வு வந்தது. சுடுதளத்தில் குப்புறப் படுத்தார், விசையை அழுத்தினார். இமை அசையவே இல்லை! முதல் குண்டு வட்டத்துக்குள். இரண்டாவதும் வட்டத்துக்குள். இதை அந்த விளையாட்டின் கணக்கில்தான் எழுத வேண்டும், பொய் சொல்லக் கூடாது.

ஆனால் இரண்டாவது குண்டின் உதையில் குழல் மேலே எழும்பியது. அவர் காத்திருந்தார். கைபேசியில் குறி தானாக வழுக்கி வந்து எதிரியின் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். இங்கே குழல் விட்ட இடத்திலேயே நின்றது. மூன்றாவது குண்டு வட்டத்துக்கு மேலே போனது. நான்காவதும் போனது. பதறி அதிகமாகத் தாழ்த்தினார். ஐந்தாவது மண்ணைக் கிளப்பியது. அதோடு பழைய பயம் திரும்பி வந்து இமையைச் சாத்திவிட்டது. மீதி ஐந்தில் குருட்டாம்போக்கில் இரண்டு வட்டத்துக்குள் விழுந்தன; மொத்தம் நான்குதான்.

"தானா வரணுமே... தானா வரணுமே..." என்று முணுமுணுத்தவரிடம் பயிற்சியாளர் குனிந்து என்னவென்று கேட்டார். இவர் கைபேசி விளையாட்டைப் பற்றிச் சொன்னார்.

"அது எய்ம் அசிஸ்ட்ண்ணே. குறியை விளையாட்டே இழுத்து எதிரி மேல வெச்சிடும். யாரோ உங்களுக்கு அதை ஆன் பண்ணிக் குடுத்திருக்காங்க."

யாரோ. அவர் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். துப்பாக்கியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பேருந்து முழுக்க அவளைத் திட்ட வேண்டிய வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தையல் மிஷின் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏண்டி அதைப் போட்டு விட்டே? உன்னை நம்பித்தானே ஆடினேன்!"

அவள் இல்லையென்று சொல்லவில்லை.

"ரெண்டாவது தடவை தோத்ததுலேர்ந்து நீங்க சரியாச் சாப்பிடவே இல்ல. அதுலயும் நாலு நாள் செத்துச் செத்து விழுந்தீங்க. பார்க்க முடியல. ஒரே ஒரு நாளைக்குன்னுதான் போட்டேன். அன்னைக்குச் சிரிச்சீங்க பாருங்க... ரெண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. நாளைக்கு அணைச்சிடலாம், நாளைக்கு அணைச்சிடலாம்னு இருந்தேன். மனசு வரலைங்க."

அந்த இருபது நாளைப் போல அவர் சந்தோஷமாக இருந்து வருஷங்களாகியிருந்தன. அதை எப்படித் திட்டுவது?

"உட்காருங்க," என்றாள். அவர் உட்காரவில்லை. சுவரோரமாகப் போய், இல்லாத துப்பாக்கியின் வாருக்காக வலது தோளைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, வாசலைப் பார்த்து நின்றார்.