அழகர் இறங்கிய நாளில் நாற்பத்தொரு பேர்

போன வாரம் மகள் பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்காகத் தினமும் வெயிலின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ரெண்டு நாள் மறந்துட்டேன். சும்மா ஒரு நம்பர் போட்டுக்கவா?" என்றாள். "கூடாது" என்றேன். குரல் கூடிப்போய்விட்டது, அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். மனைவியிடம்கூடச் சொல்லாத கதை இது, உங்களிடம் சொல்கிறேன்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கடைசி வருடம். ப்ராஜெக்டில் எனக்கு ஜோடி ரஹ்மத். வகுப்பில் முதல் மார்க் அவள்தான். அந்த இடம் கடைசி வரை நின்றால் மேலே படிக்க வைப்பதாக அவள் அத்தா வாக்குக் கொடுத்திருந்தார். எனக்குப் பாஸானாலே வீட்டில் கேசரி கிண்டுவார்கள்.

தலைப்பு அவளுடையது. சாயங்காலம் கொட்டாம்பட்டிப் பக்கம் திரும்பும் பிள்ளைகளின் கூட்டத்தைப் பார்த்தாலே பஸ்கள் நிற்காமல் போய்விடும். "எம்புட்டுப் பேரு நிக்கிறாங்க, எத்தன பஸ் நிக்காமப் போகுதுன்னு ஒரு மாசம் எழுதுவோம். எழுதி டிப்போவுல குடுப்போம்" என்றாள். ஆளுக்கு ஒருநாள் என்று முறை வைத்துக்கொண்டோம்.

கல்லூரி ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு வடைக்கடை. காய்ந்த எண்ணெய் வாசனை பட்டால் இன்றும் எனக்கு நாலு கோடு கிழித்துக் குறுக்கே ஒன்று போடத்தான் கை வரும். முதல் பத்து நாளில் என் முறைக்கெல்லாம் ஒழுங்காகத்தான் எண்ணினேன். அப்புறம் யானைமலை அடிவாரத்தில் கிரிக்கெட். "மாப்ள, வாரியா?" என்று ஒரு குரல் போதும். போகாத நாளுக்கெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே எண்ணிக்கை போட்டேன். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. அச்சு அசலாக இருக்கிறதென்று எனக்கே பெருமை.

சமர்ப்பிக்கும் நாள் காலை. சார்ட்டில் பட்டை வரைந்துகொண்டிருந்த ரஹ்மத் மார்க்கரை நிறுத்தினாள்.

"ஏப்பா, இந்தத் தேதிக்கு நாப்பத்தொரு பேருன்னு எழுதிருக்க."

"ஆமா."

"அன்னைக்கு அழகரு ஆத்துல எறங்குனாரு. காலேஜே லீவு."

அன்று நானே வைகைக்குள் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவன்.

"இப்படி எத்தன நாளு?"

"ஆறு."

அவள் திட்டவில்லை. அந்த ஆறு பட்டைகளின் மேலும் வெள்ளைத்தாள் ஒட்டினாள். "நீயே சொல்லிரு" என்றாள்.

சொன்னேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வெகுநேரம் தாள்களைப் புரட்டினார். "அப்ப மிச்சத்த எப்படி நம்புறது?"

"என் நாளெல்லாம் நம்பலாம் சார். வேணும்னா இன்னைக்கு நாலு மணிக்கு வாங்க, சேர்ந்து எண்ணுவோம்" என்றாள் ரஹ்மத்.

அவர் வரவில்லை. மார்க் ஜோடிக்குச் சேர்த்துத்தான், வெட்டும் இருவருக்கும்தான். முதல் இடம் அவளை விட்டுப் போயிற்று. அத்தா ஒரு வருடம் பொறுக்கச் சொன்னார். அந்த ஒரு வருடம் என்னால் போனது. ஆனாலும் தன் நாட்களை மட்டும் வைத்து டிப்போவில் மனு கொடுத்தாள். சாயங்காலம் ஒரு பஸ் கூடுதலாக வந்தது. பிறகு மேலே படித்ததாகவும் கேள்வி.

கடைசிப் பரீட்சை அன்று மன்னிப்புக் கேட்கக் காத்து நின்றேன். தோழிகளோடு சிரித்துக்கொண்டே வந்தாள்; கேட்காமலே நான் பஸ் ஏறிவிட்டேன்.

சாலையை அகலப்படுத்தியபோது அந்த ஸ்டாப் போயிற்று, எண்ணும்போது நாங்கள் நிழலுக்கு ஒதுங்கிய புளியமரமும் போயிற்று. பழைய டைரியிலிருந்த அவளுடைய நம்பருக்கு இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். யாரோ ஒருவர், "ராங் நம்பருண்ணே" என்றார்.