அக்காவின் இடது கை

"எந்தக் கையால் எழுதுவார் என்று கேளுங்கள்," என்றார் டாக்டர் சிங்களத்தில். நான் தமிழில் கேட்டேன். அக்கா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சோத்தாங்கை" என்றாள். "வலது கை," என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் நீல மையால் அவளுடைய இடது முழங்கை மடிப்பில் ஒரு கோடு போட்டார். கேள்வியில் பிழையில்லை, பதிலில் பிழையில்லை, மொழிபெயர்ப்பிலும் பிழையில்லை. பதுளையிலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு இருபது வருடங்களுக்கு மேல் செய்தி அனுப்பியவன் நான். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லப் பழகியவன். அன்று அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். எழுதுவதைத் தவிர எல்லாவற்றையும் அவள் இடது கையால்தான் செய்வாள் என்று தெரிந்த இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், முதலாம் வகுப்பிலேயே, பென்சிலை மட்டும் அவளுடைய வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். கத்தியும் விளக்குமாறும் இடது கையிலேயே இருந்தன. கரம் போர்டு விளையாட்டும் அப்படித்தான். பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவள் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகும் குழந்தைகள் மாலைவரை அவள் பொறுப்பு. ஞாயிறு மத்தியானம் மட்டும் அவளுக்கு உரியது. தோட்டத்து வாசகசாலையில், வெலிமடையிலிருந்து லீக்ஸ் காய்கறி வந்த மரப்பெட்டியின் மேல் கரம் போர்டை வைத்து ஆண்கள் ஆடுவார்கள். அவர்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக அவள் உட்கார்ந்திருப்பாள். இடது நடுவிரலால் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் காய் பக்கச்சட்டத்தில் பட்டுத் திரும்பி அவளுடைய மூலையிலேயே விழும். புருஷன் இறந்த வருடத்திலும் அவள் அந்த ஞாயிறுகளை விடவில்லை.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு திங்களும் வியாழனும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயின. நாலு மணி நேரம் மிஷினில். டயலிசிஸ் ஊசியைச் சாதாரண நரம்பு தாங்காது. கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்து, அது தடித்து வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிஸ்டுலா என்கிறார்கள். வேலை செய்யும் கைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதால் எழுதாத கையில் வைப்பது வழக்கம். அதுவரை கழுத்தில் ஒரு குழாய். அந்தக் குழாயால் அக்காவுக்கு இரண்டு முறை குளிர்காய்ச்சல் வந்தது. பக்கத்துக் கட்டிலில் மடுல்சீமையிலிருந்து வரும் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கும் அதே குழாய், அதே காய்ச்சல். ஒரு வியாழக்கிழமை அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். அக்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு மிஷினிடம் பயம் இருந்ததில்லை. கழுத்துக் குழாய் என்ற பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாள்.

பிஸ்டுலா தடித்துத் தயாராகி, கழுத்துக் குழாயை எடுத்ததும் அவளுடைய நாட்கள் ஒரு ஒழுங்குக்கு வந்தன. தோட்டத்தில் வேலையைப் பிடுங்கவில்லை. போகாத இரண்டு நாளுக்கு இன்னொரு பெண்ணைப் போட்டார்கள். நீரைக் குறைக்கச் சொன்னதால் தேத்தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு கோப்பை, அதையும் போத்தல் மூடியால் அளந்து காலையிலிருந்து இரவுவரை நீட்டுவாள். உருளைக்கிழங்கைப் பொட்டாசியம் குறைய இரண்டு தண்ணீரில் வேகவைத்து, இரண்டையும் கொட்டிவிட்டுத்தான் தின்பாள். குழந்தைகளை இடது கையில் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். குழந்தைகள் அவள்மேல் ஏறிக்கொண்டன. தடித்த குழாயில் ரத்தம் ஓடும் அதிர்வு தோலுக்கு மேலேயே தெரியும். ஒவ்வொரு குழந்தையாக வந்து காதை வைத்துக் கேட்கும். "ஃபெக்டரி ஓடுதா?" என்று கேட்பாள். "ஓடுது!" என்று கத்தும்.

அந்த வருட மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வாசகசாலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எதிரே ஓய்வுபெற்ற லொறி டிரைவர். மூன்று காய்கள் மீதி. அக்கா நடுவிரலைச் சட்டத்தில் வைத்தாள், எடுத்தாள், ஆள்காட்டி விரலை வைத்துச் சுண்டினாள். காய் விழுந்தது. அடுத்ததும் ஆள்காட்டி விரல்.

"என்னாக்கா, ஸ்டைல் மாறிருச்சு?" என்றார் டிரைவர்.

"ஒன்னைய அடிக்க நடுவெரலு எதுக்கு? அதுக்கு லீவு குடுத்துட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டத்தையும் அவள்தான் ஜெயித்தாள். நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற நான்கு விரல்களும் பவுடர் பட்டு வெளுத்திருந்தன. அது பவுடர் படாமலே வெளுத்திருந்தது. நகத்தின் அடியில் நீலம். வெளியே வந்ததும் தொட்டுப் பார்த்தேன். மழையில் நனைந்த கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. நுனியில் மிளகளவு ஒரு கறுப்புப் புண்.

"எத்தனை நாளா?"

"பேப்பர்க்காரன் கண்ண வேற எங்கயாச்சும் வச்சுக்க தம்பி."

பிறகு மெதுவாகச் சொன்னாள். இரண்டு மாதமாகவாம். மிஷினில் இருக்கும்போது வலி உயிர் போகுமாம். நர்ஸ் பார்க்காதபடி கையைப் போர்வைக்குள் வைத்துக்கொள்வாளாம். "சொன்னா இதை மூடிருவாங்க. மறுபடி கழுத்துல குத்துவாங்க. வெரலு போனா போவுது. உசுரு இந்தக் கையிலதான் ஓடுது. புதன்கிழம கிளினிக்ல டாக்டர் கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லு. நான் என்ன சொல்றேனோ அதைத்தான் நீ சொல்லணும்."

புதன்கிழமை டாக்டர் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க," என்றாள் அக்கா. "ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்கிறார்," என்றேன் நான் சிங்களத்தில். அதோடு நிறுத்தவில்லை. விரலைச் சொன்னேன், புண்ணைச் சொன்னேன், போர்வையைச் சொன்னேன். அவள் இடது கைக்காரி என்பதையும் சொன்னேன். அக்காவுக்குச் சிங்களம் பேச வராது. ஆனால் சந்தையிலும் பஸ்ஸிலும் கேட்டுப் பழகியதில் நன்றாகவே விளங்கும். அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

டாக்டர் அவளுடைய கையை மேசையில் நீட்டி வைத்து, முழங்கை மடிப்பில், ரத்தம் அதிரும் இடத்தைத் தன் கட்டைவிரலால் அழுத்தி மூடினார். அரை நிமிடம் இருக்கும். வெளுத்திருந்த நடுவிரலில் அடியிலிருந்து சிவப்பு ஏறியது. நகத்தின் நீலம் கரைந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். அவர் கட்டைவிரலை எடுத்தார். சிவப்பு வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. விரல்களுக்குப் போக வேண்டிய ரத்தத்தைப் பிஸ்டுலா வழிமறித்து எடுத்துக்கொள்கிறது என்றார். இப்படியே விட்டால் விரல் அழுகும், பிறகு கைக்கும் ஆபத்து. உடனே மூடினால் கழுத்துக் குழாய்தான். இன்னொரு வழி உண்டு: வலது கையில் புதிதாக ஒன்று வைத்து, அது தடிக்கும்வரை இதைக் காப்பாற்றிக்கொண்டு போகலாம். விரல் தாங்கினால் கழுத்தில் குத்த வேண்டியதில்லை. தாங்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

பஸ்ஸில் அக்கா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஹாலி-எலவைத் தாண்டித் தெமோதரை வளைவுகளில் ஏறும்போது திரும்பாமலே சொன்னாள்: "அன்னைக்குச் சொல்லியிருக்க வேண்டியதச் சொல்லல. இன்னைக்கு வேண்டாம்னதச் சொல்லிப்புட்ட. நல்ல தொழில்டா ஒனக்கு." பண்டாரவளையில் இறங்கிப் பூனாகலை பஸ்ஸில் தனியாக ஏறிப் போனாள்.

வலது கை ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து ஏழு வாரம். நான் என் குறிப்புப் புத்தகத்தில் விரலைப் பற்றி எழுதத் தொடங்கினேன். திங்கள், மிஷினில் இரண்டாவது மணி: வெள்ளை. வியாழன், முடிந்து ஒரு மணி நேரம் கழித்து: நீலம் பாதி. புண், மிளகளவிலிருந்து கடலையளவு. "என் வெரலு என்ன ஒனக்கு முதல் பக்கச் செய்தியா?" என்றாள் ஒருநாள். அத்தனை வாரத்தில் அவளாக என்னிடம் பேசியது அது ஒன்றுதான். குளிர்தான் எதிரி, விளையாடுவதால் கெடுதியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கம்பளிக் கையுறையில் ஆள்காட்டி விரலுக்கு மட்டும் ஓட்டை வெட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போனாள். தோற்கத் தொடங்கினாள். டிரைவர் கிண்டல் பண்ணுவதை நிறுத்திவிட்டார். அதுதான் அவளுக்குக் கோபம். "வாயில என்ன கொழுக்கட்டையா? பேசு!" என்று அவரை அதட்டினாள். ஐந்தாம் வாரம் புண்ணிலிருந்து நீர் வடிந்தது. வார்டில் தங்கி மருந்து ஏற்றினார்கள். வலது கையில் அதிர்வு இருந்தது, ஆனால் குழாய் தடிக்கவில்லை. ஆறாம் வாரம் இன்னும் பொறுக்கச் சொன்னார்கள். நான் அந்த வாரம் எழுதிய குறிப்புகளை இப்போது படித்தால் கையெழுத்து என்னுடையதுபோல் இல்லை.

ஏழாம் வாரம் வியாழக்கிழமை வலது கையில் இரண்டு ஊசிகளும் நின்றன. மிஷின் நாலு மணி நேரமும் ஓடியது. இன்னும் மூன்று முறை பார்த்துவிட்டு இடது கையை மூடினார்கள். நடுவிரலின் நுனியில் ஒரு துண்டுச் சதை போனது, விரல் தங்கியது.

இப்போதும் திங்கள், வியாழன். மிஷினில் வலது கை நாலு மணி நேரம் அசையாமல் கிடக்கிறது. பேச்சுவார்த்தை மெல்லத் திரும்பியது, பழைய அளவுக்கு என்று சொல்லமாட்டேன். போன மாதம் கிளினிக்குக்குக் கூடப் போனேன். அவளுடைய முறை வந்ததும் நானும் எழுந்தேன். "நீ இரு," என்றாள். திரைக்கு இந்தப் பக்கம், வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன்.

உள்ளே அக்கா சிங்களம் பேசினாள். வினைச்சொல் ஒரு பக்கம், எழுவாய் ஒரு பக்கம். தோட்டத்துத் தமிழ் நடுவில் நடுவில் விழுந்தது. கை எப்படி என்று டாக்டர் கேட்டார். மரத்துப்போவதற்கான சிங்களச் சொல் அவளுக்குத் தெரியவில்லை. "விரல் தூங்குது," என்றாள். அவருக்கு விளங்கவில்லை, திருப்பிக் கேட்டார். அவள் தேடினாள். எனக்கு அந்தச் சொல் தெரியும், நாக்கு நுனியில் இருந்தது. திரைக்கு அப்பால் மேசையில் விரலால் தட்டும் ஓசை கேட்டது, ஒருமுறை, இரண்டுமுறை. "இந்த விரல் தட்டினால் தெரியுது. இது தட்டினால் தெரியல்ல." டாக்டர், "ஆ, ஆ," என்றார். பிறகு எவ்வளவு நாளாக என்று கேட்டார். அதற்கும் அவளே பதில் சொன்னாள். நான் வாங்கை விட்டு எழவில்லை.