நானும் மலையாளிதான்

ஒடுகத்தூர் கொட்டகையில் பகல் காட்சி. பணக்கார வீட்டுப் பிள்ளை ஒட்டுமீசை வைத்துக்கொண்டு, தான் விரும்பும் பெண்ணின் வீட்டிலேயே சமையல்காரனாகச் சேர்கிறான். பாயசத்தில் அவன் உப்பை அள்ளிக் கொட்டியபோது கொட்டகையே சிரித்தது. கடைசியில் மீசை கழன்று விழுகிறது. விழுந்தால் என்ன, உள்ளே இருப்பது பணக்காரன். பெண்ணின் அப்பா ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு முன்வரிசையில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. ஜவ்வாது மலையில் ஓர் அதிகாரி வீட்டில் விறகு பிளந்து, தண்ணீர் சுமந்துகொண்டிருந்தேன். என்னைச் சேர்த்துவிட்டவர், "மலையாளிங்கம்மா. பொய் சொல்லமாட்டான்" என்று அந்த வீட்டு அம்மாவிடம் சொல்லியிருந்தார். எங்கள் மலையில் பிறந்த சனங்களுக்கு அதுதான் பெயர். ஆனால் அம்மா பட்டணத்திலிருந்து புதிதாக வந்தவர். மலையாளி என்றால் அவருக்குக் கேரளத்துக்காரன்தான். ஐயா வீட்டில் அதிகம் பேசமாட்டார்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கேரளத்திலிருந்து அவளை வரவழைத்தபோது, "இவனும் உங்க ஊரு ஆளுதான். பேச்சுத் துணைக்கு ஆச்சு" என்றார் அம்மா.

"ஆணோ சேட்டா?" என்று, அப்படியா அண்ணா என்கிற மாதிரி, அவள் முகம் மலர்ந்தது.

நான் தலையாட்டினேன். நானும் மலையாளிதானே. அப்போது அது பொய்யாகத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பாதி புரியும், பாதி புரியாது. நான் வாய் திறக்காததைப் பார்த்து, சின்ன வயதிலேயே ஊரை விட்டு வந்து பாஷை மறந்தவன் என்று அவளே ஒரு கதை கட்டிக்கொண்டாள். அதற்கும் தலையாட்டினேன். என்னிடம் அதுவரை எந்தப் பெண்ணும் அப்படிப் பேசியதில்லை. உண்மையைச் சொன்னால் பேச்சு நின்றுவிடும் என்று பயந்தேன். ஐயாவின் ஜீப் டிரைவர் வேறு, "இன்னாடா சேட்டா, எப்போ கண்ணாலம்?" என்று கிண்டல் செய்வார். எனக்கு அதுவும் இனித்தது.

ஒருநாள் அவளுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. பேச்சு மறந்தாலும் எழுத்து மறந்திருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, என்னிடம் நீட்டினாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் தமிழ். எல்லாம் ஜாங்கிரி பிழிந்த மாதிரி எழுத்து. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாரும் சௌக்கியமாம்" என்றேன்.

அவள் கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அது நடந்து பன்னிரண்டாம் நாள், ஐயா குடும்பத்தோடு அந்தப் படத்துக்குப் போனோம்.

படம் விட்டதும் கடைவீதியில் ஒரு கேரளத்துக்காரர் கடையில் டீ குடிக்க நின்றோம். "எங்க வீட்ல ரெண்டு பேரு உங்க ஊருக்காரங்க" என்றார் அம்மா பெருமையாக. கடைக்காரர் என்னிடம் மலையாளத்தில் ஏதோ கேட்டார். நான் தலையாட்டினேன். மறுபடி கேட்டார். மறுபடி ஆட்டினேன்.

"எந்த ஊருன்னு கேக்கறேன், தலைய ஆட்டறான். இவன் மலைக்காரன்மா. இங்க அவங்களையும் மலையாளின்னுதான் சொல்லுவாங்க" என்றார்.

டிரைவர் டீயைத் துப்பிச் சிரித்தார். "ஐயோ, படத்துல வர்ற மாதிரியே இருக்குதே!" என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஐயா கூடச் சிரித்தார்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கடிதத்தை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினாள். அவர் படித்தார். "எப்ப வந்தது இது?" என்றார் தமிழில். "இந்தப் பொண்ணோட தாய்க்கு ரொம்ப முடியலையாம். உசுரோட பாக்கணும்னா உடனே வான்னு எழுதியிருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். "அறியில்லன்னு ஒரு வாக்கு பறஞ்சா மதியாயிருந்நு" என்றாள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்கிறாள். அவள் பேசியதில் எனக்கு முழுசாகப் புரிந்தது அது ஒன்றுதான்.

அங்கிருந்தே அவளை வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது தாய் இருந்தாளா என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் விலாசம் இருந்தது. நான் கேட்கவில்லை.

என்னை வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் அம்மா இந்தக் கதையைச் சொல்வார். டீக்கடையில் நான் தலையாட்டியது வரைக்கும்தான் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். "டேய், அந்த மாதிரி ஒருதரம் தலைய ஆட்டு" என்பார் அம்மா.

நான் ஆட்டுவேன்.