செங்கல்ராயன் பிச்சைக்கு வந்த சனிக்கிழமை

இன்று காலை எங்கள் தெருவில் ஒருவர் வீடு வீடாகப் பிச்சை எடுத்தார்.

மாடி வீடு, கார், தெரு நலச்சங்கத் தலைவர் பதவி எல்லாம் உள்ளவர். பெயர் செங்கல்ராயன்.

சிரிக்காதீர்கள். புரட்டாசி சனிக்கிழமை.

எங்கள் சித்தூர்ப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெருமாளுக்கு வேண்டிக்கொண்டவர்கள் இந்த மாதச் சனிக்கிழமையில் செருப்பில்லாமல், நாமம் போட்ட சொம்பை ஏந்தி, "கோவிந்தா" சொல்லி அரிசி வாங்குவார்கள். கோடீசுவரனாக இருந்தாலும் பிச்சை எடுத்த அரிசியைத்தான் பொங்கிப் படைக்க வேண்டும். எந்தக் கை போட்டாலும் வாங்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் வேண்டுதல் போச்சு.

செங்கல்ராயனின் பையன் பைக்கிலிருந்து விழுந்து, இப்போது எழுந்து நடக்கிறான். அதற்கான வேண்டுதல். பையன் நடப்பதில் எனக்கும் சந்தோஷம்தான்.

என் எரிச்சல் வேறு.

இதே செங்கல்ராயன் இரண்டு நாள் முன்பு என் வாசலில் நின்று சொன்னது இது:

"அண்ணா, அந்தப் பொம்பள வூடு வூடா போயி சோறு கேக்குது. தெரு பேரு கெட்டுப்போவுது. திங்கக்கெழம முனிசிபாலிட்டி வண்டிய வரச் சொல்லிக்கிறேன். இட்டுனு போயி எங்கனா உட்டுடுவாங்க."

"எங்கனான்னா எங்க?"

"எங்கனாதான். நமக்கு இன்னா?"

(இதுதான் தலைவரின் மறுவாழ்வுத் திட்டம்.)

அந்தப் பொம்பளைக்குப் பெயர் உண்டு. முனியம்மா. திருப்பதியில் ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர். மணிக்கட்டு உடைந்தது. வேலை போனது. ஓட்டல்காரர் தங்கக் கொடுத்திருந்த அறையும் கூடவே போனது. சித்தூரில் தங்கச்சி இருக்கிறாள் என்று வந்தார். தங்கச்சி வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

இப்போது என் வீட்டுக்குப் பக்கத்தில், பூட்டிக் கிடக்கும் ஜெராக்ஸ் கடையின் படியில் படுக்கிறார்.

அவர் என்னிடம் ஒருநாள் சொன்னார்:

"திருப்பதில ஸ்டேஷன் வெளிய பைய தலைக்கு வெச்சிக்கினு படுத்தா, மலைக்குப் போற பக்திக்காரின்னு நெனச்சி தண்ணி குடுப்பாங்கண்ணா. இங்க அதே பைய வெச்சிக்கினு படுத்தா திருடின்றாங்க."

'அவ்வளவு அக்கறை இருந்தால் உன் வீட்டில் வைத்துக்கொள்ளேன்' என்று கமெண்ட் போடத் துடிப்பவர்களுக்கு: கூப்பிட்டேன். அவர் வரவில்லை.

"உங்க வூட்டுக்கு வந்தா ரெண்டே நாள்ல நான் உங்க வூட்டு வேலக்காரி ஆயிடுவேன், அதுவும் சம்பளம் இல்லாத வேலக்காரி" என்றார்.

என் மருமகள் முகத்தைப் பார்த்தேன். முனியம்மா சொன்னது சரிதான் என்று பட்டது.

முன்பு இந்தத் தெருவில் பசி என்று யார் நின்றாலும், திட்டிக்கொண்டேயாவது ஒரு பிடி சோறு போடுவார்கள். இப்போது கதவே திறப்பதில்லை. காமிரா வழியாகக் கேட்கிறார்கள்: "ஆதார் இருக்குதா?"

(ரசத்துக்கு ஆதார் கேட்கும் தெரு எங்களுடையது.)

இதையெல்லாம் தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. பஸ் போர்டையும் பழைய பேப்பரையும் பார்த்துத்தான் தமிழ் எழுத்தைக் கற்றேன். கஷ்டப்பட்டு எழுதினால், "பெருசு ஆரம்பிச்சிடுச்சி" என்று ஒருவன் பதில் போடுகிறான்.

ஆரம்பித்தால் முடிக்காமல் விடமாட்டேன் என்பது அவனுக்குத் தெரியாது.

சரி, இன்று காலைக்கு வருகிறேன்.

செங்கல்ராயன் என் வாசலுக்கு வந்து "கோவிந்தா" என்றார். என் மனைவி அரிசி போட்டாள். அவர் திரும்பினார்.

எதிரில் முனியம்மா நின்றுகொண்டிருந்தார், நல்ல கையில் ஒரு பிடி அரிசியோடு. அது இரந்த அரிசி இல்லை. கீரைக்காரிக்குக் கீரை ஆய்ந்து கொடுத்ததற்குக் கிடைத்தது.

"சொம்ப காட்டு நைனா" என்றார்.

செங்கல்ராயன் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நீ வெச்சிக்கமா. வூட்டுப் பிச்சதான் எடுக்கணும். உனக்குத்தான் வூடே இல்லியே."

தெருவே வேடிக்கை பார்த்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஏம்பா, பெருமாளு அட்ரஸ் பாத்துதான் வாங்குறாரா?"

அதற்குப் பதில் சொன்னது முனியம்மாதான்.

"உன் புள்ள நொண்டிக்கினு போவசொல்ல நான் அந்தப் படில குந்திக்கினு தெனம் பாத்தேன் நைனா. இப்ப நேரா நடக்குது. அதுக்குப் போடுறேன். உனக்கு இல்ல."

செங்கல்ராயன் சொம்பை நீட்டினார். அரிசி விழுந்தது. "கோவிந்தா" என்றார். சொம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் ஒரு முட்டாள். அவர் மனம் மாறிவிட்டது என்று நினைத்தேன்.

மத்தியானம் குழுவில் தலைவரின் செய்தி வந்தது: 'பெருமாள் மாதம் என்பதால், மனிதாபிமான அடிப்படையில், புரட்டாசி முடியும் வரை வண்டி வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுள்ளேன்.'

கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். 'கிரேட் சார்', 'சூப்பர் அண்ணா'.

முனியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. விரலை மடக்கி எத்தனை நாள் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

புரட்டாசி முடிந்தால் ஐப்பசி. எங்கள் பக்கத்தில் மழை பிடிக்கும் மாதம்.

ஐப்பசிக்கு வேண்டுதல் வைத்திருப்பவர்கள் சித்தூரில் யாராவது இருந்தால், தயவுசெய்து எங்கள் தெருவுக்குப் பிச்சைக்கு வருவீர்களா?