நான் மொழிபெயர்க்காமல் விட்ட வசனம்

என் மனைவியைப் படகின் முன்பலகையில் உட்கார வைத்தது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மிச்சத்தை எழுதுவது லேசு. இந்த ஒரு விஷயத்தை இரண்டு மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் அது வேறொரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டது.

கட்டாரிலிருந்து மகள் குடும்பம் லீவில் வந்திருந்தது. பிள்ளைகளுக்கு டொல்பின் பார்க்க வேண்டுமாம். கற்பிட்டிக் கடற்கரையில் ஒரு கபானாவில், ஓலை வேய்ந்த விடுதியில், மூன்று இரவு தங்குவதென்று மருமகன் போனிலேயே ஒழுங்கு செய்து, பாதிக் காசையும் அனுப்பிவிட்டார். நாங்கள் இருப்பது புத்தளத்தில். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. என் மனைவிக்கு இது சிரிப்பாக இருந்தது.

"பக்கத்துலயே குறிஞ்சிப்பிட்டியில என்ட சாச்சி வீடு இரிக்கி. அங்க பாயைப் போட்டுப் படுத்தா காசா கேக்கப் போறாங்க? ஓலைக் கொட்டிலுக்குள்ள படுக்கிறதுக்கு இவ்வளவு குடுக்கிறீங்களே, நீங்கதான் படிச்ச ஆக்கள்."

"உம்மா, அங்க ஏசி இரிக்கி," என்றாள் மகள்.

"அப்ப சரி. ஏசி போட்ட ஓலைக் கொட்டில்."

முதல் நாள் நன்றாகத்தான் போனது. இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குப் படகு என்று சொல்லியிருந்தார்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் விடியலில் போய் ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுவார்கள். ஆனால் கபானா முதலாளியிடம் இருந்தது ஒரே படகு. எங்களுக்குச் சொன்ன ஆறு மணியை அவர் கொழும்பிலிருந்து வந்த வேறொரு கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் முறை வந்தபோது ஒன்பதரை. கரையில் தென்னோலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன.

படகுக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். வீட்டில் சிங்களம் பேசும் கத்தோலிக்கர், பெற்றோர் சிலாபப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். கடற்கரையில் எங்களோடு தமிழ்தான் கதைப்பார். படகு அவருடையதல்ல, முதலாளியுடையது. என் மனைவி ஏறியதும் அவர் என்னைப் பார்த்து, சிங்களத்தில் ஐயா என்பதற்குச் சொல்லும் 'மாத்தயா'வைச் சேர்த்துச் சொன்னார்:

"அம்மாவப் பின்னுக்கு, எஞ்சினுக்குப் பக்கத்துல வைங்க மாத்தயா. முன்னுக்கு அலை தூக்கி அடிக்கும்."

மனைவி எழுந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து முன்பலகையில் இருத்தினேன். அவள் அறுபத்தேழு வருடம் இந்த மாவட்டத்தில் இருந்தும் ஒரு டொல்பினைக் கண்டதில்லை, முன்னால் இருந்தால் நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். அது உண்மை. மருமகனுக்கு முன்னால் ஒரு படகுக்காரன் எனக்குப் பாடம் சொல்வதா என்று நினைத்ததும் உண்மை. "எனக்குக் கடல் தெரியும். நீ எஞ்சின ஓட்டு," என்றேன்.

எனக்குக் கடல் தெரியாது. எனக்குத் தெரிந்தது புத்தளம் களப்பு. அதில் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வராது.

டொல்பின்களைக் கண்டோம். மனைவி சின்னப் பிள்ளைபோல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திரும்பும்போது காற்று எதிரே வந்தது. படகு ஒவ்வொரு அலையிலும் ஏறி, பிறகு வெறும் காற்றிலிருந்து விழுவதுபோல விழுந்தது. படகுக்காரர் வேகத்தைக் குறைத்துக் குறைத்துத்தான் வந்தார். அப்படியும் மூன்றாவதோ நாலாவதோ முறை விழுகையில் மனைவி ஒரு சத்தம் போட்டாள். அதற்குப் பிறகு கரை வரும்வரை பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

முதலாளியின் வேன் யாரையோ ஏற்றப் போயிருந்தது. இன்னொரு வாகனம் பிடித்துத் தரும்படி முதலாளியிடம் சொன்னோம். "பார்க்கிறேன்" என்று போனவர் திரும்பி வரவில்லை. கடைசியில் முச்சக்கர வண்டியில், மணல் பாதையின் ஒவ்வொரு குழியிலும் மகள் தன் மடியைக் கொடுத்துத் தாயைத் தாங்கிக்கொண்டு, பெரிய வீதிக்கு வந்து வேன் பிடித்தோம். ஆசுபத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பின் அடிப்பக்கத்தில் ஒரு எலும்பு நசுங்கியிருந்தது. மூன்று மாதம் இடுப்புப் பட்டி, படுக்கை. மறுநாள் கபானா மனேஜர் மகளுக்குப் போன் எடுத்து, மிச்சப் பாதிக் காசு இன்னும் வரவில்லை, படுக்காத இரண்டு இரவுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை நான் கையாண்ட விதம்தான் பிழை.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். அங்கே அந்த வேலை பார்ப்பவரை முதலியார் என்பார்கள். ஓய்வுபெற்ற பிறகும் ஊரில் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். காணி, விவாகரத்து, வாடகை என்று பக்கத்து வீட்டாருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பதும் நான்தான். என் சொந்த மனுவை எழுத ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. முதலாளிக்குப் பதிவுத் தபாலில் போனது. ஆறு பந்தி. ஐந்து பந்தியில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். நாலாம் பந்தி இப்படி: "படகில் எவர் எங்கே அமர வேண்டும் என்பது குறித்து எங்களுக்கு எவ்வித அறிவுறுத்தலும் வழங்கப்படவில்லை."

எந்த மனுவுக்கும் ஒரு இறுக்கமான பந்தி வேண்டும், முதலாளி காசுக்காரர், அவருக்கு இது ஒரு கீறல் என்று எண்ணினேன். படகுக்காரரை நான் எண்ணவே இல்லை.

மகள் குடும்பம் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பிவிட்டது. முதலாளி பதில் போடவில்லை. விஷயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. வழக்குக்கு முன் இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசித் தீர்க்கும் சபை அது. சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடும். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கதிரைகளில் எங்கள் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தோம். மத்தியஸ்தர்கள் மூன்று பேர். தலைமை ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. தொண்ணூறில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே படிப்பித்தவர். முதலாளிக்குப் பதிலாக மனேஜர் வந்திருந்தார். சபை சாட்சியாகக் கூப்பிட்ட படகுக்காரரும் வந்திருந்தார், வெள்ளைச் சேர்ட் போட்டு, தலைமயிரைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு.

வாக்குமூலத்தைச் சிங்களத்திலேயே சொல்ல விரும்பினார் அவர். கடற்கரைத் தமிழ் சபைக்குப் போதாது என்று நினைத்திருக்க வேண்டும். ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்குச் சிங்களம் கடைக்குப் போய் வாறதுக்குத்தான் காணும். வழக்கு விளங்குற அளவுக்கு இல்ல."

"முதலியாரே இரிக்கிறார்தானே," என்றார் பக்கத்திலிருந்த மத்தியஸ்தர். அவருக்குச் சிங்களம் தெரியும், ஆனால் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டியவர் அவர்தான்.

"அவர் முறைப்பாட்டுக்காரர் அல்லவா?" என்று மனேஜர் சிரித்தார்.

படகுக்காரர் கையை அசைத்தார். "பரவாயில்ல. மாத்தயா சரியாத்தான் சொல்லுவார்."

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. என்னைக் கேட்டார்கள் என்ற பெருமையில் எழுந்து நின்றேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: சாட்சி 'நான்' என்றால் மொழிபெயர்ப்பாளனும் 'நான்' என்பான், ஒன்றைக் கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான். கொலை வழக்குகளில்கூட நான் ஒரு சொல்லை விட்டதில்லை. அன்றும் நன்றாகத்தான் தொடங்கினேன். படகு எத்தனை மணிக்குத் திரும்பியது, காற்று எப்படி இருந்தது, யார் போகச் சொன்னது, எல்லாம் அவர் சொன்னபடியே. மனேஜர் போனில் கதைக்க வெளியே போன நேரத்தில் அவர் என்னைக் கையால் காட்டி, அம்மாவைப் பின்னுக்கு இருத்தச் சொன்னதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னார்.

"ஆட்கள் எப்படி இருக்க வேண்டும் என்று நான் பொதுவாகச் சொன்னேன்," என்று மொழிபெயர்த்தேன்.

சிங்களம் தெரிந்த மத்தியஸ்தரின் பேனை நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லாததற்குக் காரணம் என் மீது வைத்திருந்த மரியாதை. அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

படகுக்காரர் என் பக்கம் குனிந்தார். பிறகு தமிழில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அவ்வளவுதானா மாத்தயா?" என்றார்.

"அவ்வளவுதான்," என்றேன்.

ஆசுபத்திரிச் செலவுத் துண்டுகளைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு கிழமை தவணை கொடுத்தார்கள். பள்ளிக்கூடக் கேற்றடியில் மனேஜர் என்னிடம் வந்தார். "முதலாளி அவன நிப்பாட்டி நாப்பது நாளாச்சு சேர். நாலாம் பந்தியப் பாத்துட்டுத்தான். கஸ்டமருக்கு விளக்கம் சொல்லாத ஆளை வெச்சிருந்தா நமக்குத்தானே வழக்கு." நாற்பது நாளாக அவர் யாருடையவோ தோட்டத்தில் நாட்கூலிக்கு வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தார். என் பந்தி முதலாளியைக் கீறவில்லை. அவருக்குக் குடையாக இருந்திருக்கிறது.

வீட்டில் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அந்தப் படகுக்காரன் என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவர் சொன்னதையும், நான் விட்டதையும், வேலை போனதையும் சொன்னேன். அவள் மெதுவாக, பட்டியோடு, என் பக்கம் திரும்பினாள். அதற்கே நெடுநேரம் எடுத்தது.

"நான் பின்னுக்குப் போக எழும்பினேன். நீங்கதான் கையப் புடிச்சு இழுத்தீங்க. அது ஞாபகம் இரிக்கா, இல்லாட்டி கோர்ட்டுல சொல்ற மாதிரி 'ஞாபகமில்லை'யா?"

"ஞாபகம் இரிக்கி."

"என்ட முதுகுக்குக் காசு வாங்க அவன்ட வயித்துல அடிக்கிறதா?"

"ரெண்டு மாசமா நீ ஒண்டும் கேக்கல்லையே."

"நீங்களாச் சொல்லுவீங்க என்டு பாத்துக்கிட்டு இருந்தேன். படுத்த படுக்கையில எனக்கு வேற என்ன வேலை?"

அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். ஆனால் உண்மை. என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அப்படிச் சந்தேகமில்லாத ஒரு விஷயத்தைத்தான் இரண்டு மாதம் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

அடுத்த தவணையில் சபை தொடங்குமுன் எழுந்து, போன முறை ஒரு வசனத்தை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டேன் என்றேன்.

"மறதியா?" என்று கேட்டார் ஆசிரியை.

"இல்லை. தெரிந்துதான் விட்டேன்."

படகுக்காரரை அதைத் திரும்பச் சொல்லும்படி கேட்டேன். அவர் வெட்கப்பட்டார். "இருக்கட்டும் மாத்தயா, இப்ப என்னத்துக்கு." நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்:

"அம்மாவை எஞ்சினுக்குப் பக்கத்தில் பின்னுக்கு இருத்துமாறு நான் சொன்னேன். அம்மாவும் எழும்பினார். இந்த மாத்தயா அவரைக் கையில் பிடித்து இழுத்து முன்பலகையில் இருத்தி, 'எனக்குக் கடல் தெரியும், நீ எஞ்சினை ஓட்டு' என்றார்."

'இந்த மாத்தயா' என்று சொல்லும்போது அவர் செய்தது போலவே என்னைக் கையால் காட்டினேன். பிறகு மனுவின் நாலாம் பந்தியைச் சபைக்கு முன்னால் வெட்டி, பக்கத்தில் கையொப்பம் வைத்தேன்.

மனேஜர் உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப பிழை இவர்ட தானே? எங்ககிட்ட என்னத்துக்குக் காசு?"

இதற்கு நான் தயாராகவே போயிருந்தேன். என் பிழை என் பிழை. ஆறு மணிப் படகை ஒன்பதரைக்கு அனுப்பியது நான் அல்ல. முதுகு உடைந்த மனுஷியைக் கரையில் வைத்துவிட்டு "பார்க்கிறேன்" என்று போனதும், படுக்காத இரவுகளுக்குக் காசு கேட்டதும் நான் அல்ல. இதை நிதானமாக, இரண்டு மொழியிலும் சொன்னேன். படகுக்காரர், போக வேண்டாம் என்று முதலாளியிடம் தான் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். மனேஜர் வெளியே போய்ப் போனில் கதைத்துவிட்டு வந்தார். கட்டிய காசு முழுவதையும் திருப்பித் தருவது, மருத்துவச் செலவில் பாதியைக் கொடுப்பது என்று முடிந்தது. நான் கேட்டதைவிடக் குறைவு. எனக்கு உரியது அவ்வளவுதான், வாங்கிக்கொண்டேன். படகுக்காரர்மேல் குற்றமில்லை என்றும் தீர்வுத் தாளில் எழுதுவித்தேன். ஆனால் அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லச் சபைக்கு அதிகாரமில்லை. முதலாளி வேறொருவரை வைத்துவிட்டாராம்.

விறாந்தையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தங்கள் முறைக்காகக் காத்திருந்த நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிப்பு சரி மாத்தயா," என்றார். "ரெண்டு மாசமாகப் போகுது, படகு இல்ல. பருவம் பாதி போயிட்டு. அதுக்கு நான் யாருக்கு மனுப் போடுறது?"

"எனக்குப் போடுங்க."

"மனு எழுதத் தெரிஞ்சா ஏன் வெங்காயம் புடுங்குறேன்? நீங்களே எழுதித் தாங்க. நல்லா எழுதுவீங்கதானே."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் பையிலிருந்து தாளை எடுத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். நான் எழுதத் தொடங்கியதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அருகில் வந்து உட்கார்ந்தார். இழந்த நாட்களையும் ஒரு நாள் வருமானத்தையும் கேட்டுக் கேட்டு எழுதினேன். முடிந்ததும், தமிழில் எழுதியதைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினேன்.

"இதுல ஆறு நாளை வெட்டுங்க," என்றார். "அந்த ஆறு நாளும் கடல் மோசம். யாரும் போகல்ல."

வெட்டினேன். அவர் கையெழுத்து வைத்தார். இருவரும் உள்ளே போய் ஆசிரியையிடம் கொடுத்தோம். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"எதிராளி நீங்களா?"

"ஓம்."

"தவணைக்கு மொழிபெயர்ப்பு வேணுமே."

"அதுக்கு வேற ஆளப் பாருங்க," என்றேன்.