அப்பா பார்க்காத கல்யாண கேசட்

"அக்கா கல்யாண கேசட்டைப் போடேன்" என்று அப்பா கேட்ட அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டவர் யார்? இத்தனை வருஷமாக அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய் கை கழுவுகிற மனுஷன்.

அக்கா கல்யாணம் நாங்கள் இருக்கிற தீவில் இல்லை, கப்பலேறிப் போக வேண்டிய மெயின்லேண்டில் நடந்தது. அம்மாவும் அக்காவும், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நானும் முந்தின கப்பலில் போய்விட்டோம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த கப்பலில் வருகிறேன் என்றார். கடலில் புயல், கப்பல் துறைமுகத்தை விட்டு நகரவே இல்லை. விமானமா? எங்கள் சம்பளத்துக்கு அப்போது அது வானத்தில்தான் பறந்தது. முகூர்த்தம் யாருக்காகவும் நிற்காது, பெரியப்பா உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தார்.

தீவில் பாதி வீட்டில் இப்படி ஒரு கதை இருக்கும். ஊரில் நடக்கிற நல்லதை நாங்கள் கேசட்டில்தான் பார்ப்போம். கப்பல் ஏறுகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள், நாலு வீடு கைமாறி நம்மிடம் வந்து சேரும். அக்கா கேசட்டும் வந்தது. "நான் இல்லாத கல்யாணத்தை நான் எதுக்குப் பார்க்கணும்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அதைப் பல்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். யாரும் தொடக்கூடாது, நாங்களும் போட்டுப் பார்க்கக்கூடாது.

பல்பு அலமாரி இல்லாமல் இங்கே குடித்தனம் நடத்த முடியாது. மழை தொடங்கினால் செருப்பிலும் பெல்ட்டிலும் பூஞ்சை பூக்கும். அதனால் ஒரு அலமாரிக்குள் மட்டும் குண்டு பல்பு ஒன்றை இரவும் பகலும் எரியவிடுவோம். பட்டுப்புடவை, சர்டிபிகேட், கேமரா, கேசட் எல்லாம் அந்தச் சூட்டில்தான் பிழைத்துக் கிடக்கும். ஊருக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, "பல்பு போயிருந்தா மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவது எல்லார் வீட்டிலும் வழக்கம்.

இப்போது அப்பா தானாகக் கேட்கிறார் என்றால் காரணம் இருந்தது. அவருக்குக் கண்ணில் பிரஷர். சென்னைக்குக் கூட்டிப்போய் மூன்று பேரும் ஒரு மாதம் தங்கிக் காட்டினோம். ஓரப் பார்வை போய்க்கொண்டே வருகிறது, போனது திரும்பாது, நடுவில் இருக்கிறதைச் சொட்டு மருந்து விட்டு முடிந்த மட்டும் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். தீவுக்குத் திரும்பி, பாம்பூஃப்ளாட்டில் இருக்கிற எங்கள் வீட்டில் பெட்டியைக் கீழே வைத்ததும் அப்பா கேட்டது இதைத்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பின்வாங்கிவிடுவார், எனக்குத் தெரியாதா அவரை.

நானோ வீட்டைப் போனிலிருந்தே இயக்குகிற விஷயத்தில் ஒரு பைத்தியம். ஆபீசுக்கு சாத்தம் ஃபெரியில் போகும்போதும் வரும்போதும் மற்றவர்கள் கடலைப் பார்ப்பார்கள், நான் போனில் எங்கள் வீட்டு ஸ்விட்சுகளை நோண்டிக்கொண்டிருப்பேன். அப்பா தன் கேமராவில் எடுத்த மற்ற கேசட்டுகளையெல்லாம் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது. இங்கத்திய இன்டர்நெட்டை நம்பி எதையும் எங்கேயோ ஏற்றிவைக்க முடியுமா? டிவிக்குக் கீழே சின்னக் கம்ப்யூட்டர், பக்கத்தில் ஹார்ட் டிஸ்க், எல்லாப் படமும் வீட்டுக்குள்ளேயே. அப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியதுமே அவர் கைக்கு ஒரு பலகையும் செய்திருந்தேன். பெரிய பெரிய பட்டன், ஒவ்வொன்றின் மேலும் ஒரு அடையாளம். தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். புளியங்கொட்டையை அழுத்தினால் அக்காவின் பள்ளிக்கூட ஆண்டு விழா. கிளிஞ்சலை அழுத்தினால் நான் கடலைப் பார்த்து அலறுகிற படம். அழுத்தின உடனே விளக்கு மங்கும், ஃபேன் வேகம் குறையும், டிவி தானாக எழுந்து படத்தைத் தொடங்கும். முதல் தடவை அது ஒழுங்காக நடந்தபோது நான் ஹாலிலேயே ஒரு குதி குதித்தேன்.

அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "அரே, ஒரு படம் பார்க்க இவ்வளவு தமாஷாவா? ஸ்விட்ச் போட நமக்குக் கை இல்லையா?" என்பாள்.

அப்பா கேசட்டைக் கேட்டதும் அந்த உற்சாகத்திலேயே ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன். உள்ளே இருட்டு. சூடும் இல்லை.

என்ன நடந்தது என்று புரிய ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. வீட்டில் யாரும் இல்லையென்றால் ஃப்ரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிடு என்று கம்ப்யூட்டருக்கு நான் சொல்லிவைத்திருந்தேன். சொன்ன பேச்சைக் கேட்டு, நாங்கள் கப்பல் ஏறிய அன்றே அலமாரி பிளக்கையும் சேர்த்து அணைத்துவிட்டது. நல்ல மழைக் காலம், ஒரு மாதம். பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கப் போன அம்மாவைத் தடுத்ததும் நான்தான். "அதெல்லாம் எதுக்கும்மா, போன்லயே பார்த்துக்குவேன்" என்று என்ன ஒரு அலட்டல்.

கேசட்டைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். டேப் மேல் கோலமாவு தூவினாற்போல வெள்ளை. அம்மா எட்டிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், முந்தானையால் கேசட்டின் மேல்புறத்தைத் துடைத்துக் கொடுத்தாள். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

"கிடைச்சுதா?" என்று ஹாலிலிருந்து அப்பா.

"கிடைச்சிருச்சுப்பா. கொஞ்சம் துடைக்கணும்."

பிறகு ஆரம்பித்தது பாருங்கள், அப்படி ஒரு வேலையை நான் வாழ்க்கையில் ஆபீசுக்குச் செய்ததில்லை. முதலில் பல்பைப் போட்டு, பூஞ்சை ஈரமெல்லாம் போய்ப் பொடியாகும்வரை கேசட்டைக் காயவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினேன். ஒரு சக்கரம் என் கையில், இன்னொன்று அம்மா கையில். ஒரு கையால் மெல்லச் சுற்றி, மறு கையால் நடுவில் ஓடுகிற டேப்பை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். "இழுக்காதம்மா." "நான் எங்கடி இழுக்கிறேன், நீதான் ரயில் விடுற." இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே அக்கா கல்யாணத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி முடித்தோம். அதை வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் வைத்துத் திருகினேன்.

பழைய வி.சி.ஆரில் போட்டபோது முதலில் வெறும் கோடு. பிறகு சாம்பல் நிறத்தில் என்னவோ அசைந்தது. திடீரென்று நாதஸ்வரம். பாழாய்ப்போன டேப்புக்குள்ளிருந்து, கெட்டியாக, கல்யாண நாதஸ்வரம். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன், அவள் கையிலிருந்த கரண்டி என் முதுகில் இடித்தது. நடுவில் இரண்டு தடவை படம் செத்தது, நிறுத்தி, வி.சி.ஆருக்குள் டேப்பைப் படிக்கிற தலையைத் துடைத்து மறுபடி ஓட்டினேன். மாப்பிள்ளை அழைப்பு போய்விட்டது, போகட்டும். முகூர்த்தம் முழுசாக வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஏறுகிற வரைக்கும் கோடு விழுகிறதா, சத்தம் கேட்கிறதா என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்கவே இல்லை.

பலகையில் புது பட்டன் வைத்து அதில் ஒரு பெரிய சோழியை ஒட்டினேன்.

அன்று சாயங்காலம் அப்பா குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "நிஜமாவே கல்யாணத்துக்குப் போறாப்ல" என்றாள் அம்மா. நேர் எதிரே, டிவிக்கு மிகக் கிட்டத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் மிச்சமிருக்கிற பார்வைக்குள் படம் அடங்கும். விரலால் சோழியைத் தேடி அழுத்தினார். விளக்கு மங்கியது, ஃபேன் அடங்கியது, நாதஸ்வரம் எழுந்தது. எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. மண்டபத்தையும் சமையல்காரரையும் பார்த்து அப்பா சிரித்தார். "உங்க பெரியப்பனுக்கு வேட்டி கட்டவே தெரியாது, பாரு" என்றார்.

அக்கா மணையில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அப்பா முன்னால் குனிந்தார்.

"இவ என்னத்தை அப்படிப் பார்க்கிறா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். அக்கா திரையின் இடது பக்கமே திரும்பிக்கொண்டிருந்தாள். ஐயர் கூப்பிட்டால் இந்தப் பக்கம் திரும்புவாள், மறுபடி அந்தப் பக்கம். கேமராக்காரருக்கும் சந்தேகம் வந்திருக்கும், கேமராவை அங்கே திருப்பினார். மண்டபத்து வாசல். ஆல்பத்தில் எல்லாப் போட்டோவிலும் சிரிக்கிறவள். போனில் பேசும்போதெல்லாம் தானாகவே, "பரவால்லப்பா, அன்னைக்கு இருந்த கூட்டத்துல உங்களை நினைக்கவே நேரமில்ல" என்று சொல்லிச் சொல்லியே அவரை நம்பவைத்தவள்.

"கப்பல் வராதுன்னு நாங்க எல்லாரும் சொன்னோம்" என்றாள் அம்மா மெதுவாக. "கேட்கலை. எங்கப்பா எப்படியாவது வந்துருவாருன்னு சொல்லிட்டே இருந்தா. உங்ககிட்ட சொன்னா தாங்க மாட்டீங்கன்னு நான் சொல்லலை."

கெட்டிமேளம் கொட்டியது. தாலிக்குத் தலை குனிகிறதற்கு முன்னால், அவ்வளவு பேர் அட்சதை போடுகிறபோதும், அவள் இன்னொரு தடவை வாசலைப் பார்த்தாள்.

அப்பா கையை நீட்டிப் படத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். எழுந்து, நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு போய், டிவியின் இடது பக்கத்தில், அவள் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் போட்டார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு அங்கே உட்கார்ந்தார்.

"முதல்லேர்ந்து போடு."

"அங்கேருந்து பார்த்தா உங்களுக்கு ஒண்ணும் தெரியாதேப்பா."

"எனக்குத் தெரியலைன்னா என்ன" என்றார். "அவளுக்கு என்னைத் தெரியும்ல."

நான் முதலிலிருந்து போட்டேன்.